பன்னிரண்டாம் நம்பர் பூட்ஸ்

எங்கள் வீட்டு வாசலில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் குடியிருந்தார். ஆள் என்றால் முழு ஆள் இல்லை. கணுக்கால் வரைக்கும்தான். பன்னிரண்டாம் நம்பர் சேஃப்டி பூட்ஸ், ஒரு ஜோடி. கறுப்பு நிறம், இரும்பு மூக்கு, சிவப்பு நைலான் கயிறு.

முன்பெல்லாம் அந்த இடத்தில்தான் என்னுடைய ஆறாம் நம்பர் சிலிப்பர் கிடக்கும். என் மனைவி லோகேஸ்வரி அதைப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டாள்.

"ஏன் லோகா, என் சிலிப்பர் என்னா பாவம் பண்ணுச்சு?"

"அதப் பாத்தா திருடன் என்னா நெனைப்பான்? வீட்டுல சின்னப் பிள்ளைங்க மட்டுந்தான் இருக்குன்னு நெனைச்சிக்குவான்லா."

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்திய ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? நீங்களே சொல்லுங்கள். நான் புவனேஸ்வரன். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அது தலையில் முடி இருந்த காலத்தில் எடுத்த அளவு.

பூட்ஸ் எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன், அதற்குள் இருந்த கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை லோகாவின் அண்ணன் சுகுமாறனுடைய கால்கள். மச்சான் பகாவில் இருக்கிறார். ஆறடி உயரம், நூற்றுப் பத்து கிலோ, தனிக்கட்டை. மூன்று மாதத்துக்கு முன் அவருக்குச் செண்டாயானில் ஒரு புதிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அன்று சாயங்காலமே லோகா ஆரம்பித்தாள்.

"பகாவுல இருந்து தெனமும் மோட்டார் சைக்கிள்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வந்து போகணுமே, பாவம். நம்ம பாப்பா பினாங்குல படிக்கப் போயிருச்சு. அது ரூம் சும்மாதானே கெடக்கு?"

எனக்குப் பகீரென்றது. மச்சான் கடைசியாகத் தீபாவளிக்கு மூன்று நாள் தங்க வந்தார். நாற்பத்தொரு நாள் தங்கினார். வந்ததும் "மாப்பிள!" என்று கூவி என்னைத் தரையிலிருந்து தூக்கிக் குலுக்கினார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நெத்திலி சம்பலைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாட்டார், சம்பலுக்குத்தான் சோற்றைத் தொட்டுக்கொள்வார். சாப்பிட்டு முடித்ததும் மைக்கைப் பிடித்துக் காரோகே பாடுவார். அடுத்த வீட்டு நாய் இரண்டு நாள் எங்கோ போய்விட்டு வந்தது. அந்த ஆள் இந்த முறை வந்தால் ஓய்வு பெறும்வரை போக மாட்டார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. என் வீடு, என் நாற்காலி, என் சம்பல் எல்லாம் போய்விடும்.

ஆனால் மனைவியிடம் அவள் அண்ணன் வரக்கூடாது என்று நேராகச் சொல்ல நான் என்ன பைத்தியமா? சுற்றிக்கொண்டு போனேன்.

"வரட்டும் லோகா, எனக்கென்ன? அவரு வந்தா எனக்கும் பேச்சுத்துணை. ஆனா நம்ம ஏரியா இப்ப முன்ன மாதிரி இல்லலா. வழிப்பறி, மோட்டார் களவு, பாராங் கத்தி. அவரு மோட்டாரோ பெருசு. ஏதாச்சும் ஆச்சுன்னா என் மனசு தாங்காது."

சொன்னதோடு விடவில்லை. ஆதாரமும் கொடுத்தேன். எங்கள் குடியிருப்புத் தாமானுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் தினம் ஒரு கொள்ளை வீடியோ போட்டேன். ஒரு வீடியோவில் வண்டிகள் எல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓடின. எந்த நாடோ தெரியாது. "நம்ம பக்கந்தான், ஜாக்கிரதை" என்று எழுதி அனுப்பினேன். லோகா பயந்தாள். அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. நான் நிம்மதியாகச் சம்பல் சாப்பிட்டேன்.

அப்போதுதான் நிஜமாகவே ஒன்று நடந்தது. பக்கத்துத் தாமானில் பட்டப்பகலில் ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் பாராங் கத்தியோடு புகுந்து நகையைக் கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. ஆனால் எங்கள் தாமான் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்தது.

ஊர் கெட்டுப் போய்விட்டது என்கிற கட்சிக்குத் தலைவி எதிர்வீட்டுக் குமுதவல்லி அக்கா. அந்தக் கட்சிக்கு இன்னொரு தூண் சத்தியசீலன். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இரும்பு கிரில் செய்யும் பட்டறையும் அவருடையதுதான். ஆபத்து எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கேட்டால் உடனே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற கட்சிக்கு ஒரே ஆள்தான், பக்கத்து வீட்டுச் சிவசிதம்பரம் அங்கிள். சிலோன்காரர், அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றங்கள் குறைந்துவிட்டன என்று பத்திரிகையில் வரும் செய்திகளை மட்டும் வெட்டி ஒரு பைலில் ஒட்டி வைத்திருக்கிறார். அவர் வீட்டு கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று போர்டு தொங்குகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சொல்கிறார்.

ஒரு வாரம் கழித்து லோகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. ஊரு ரொம்ப மோசமாயிருச்சு."

"நான் அப்பவே சொன்னேன்லா!"

"நீங்க வேலைக்குப் போயிடுறீங்க. நான் பாலர் பள்ளியில வேலை முடிச்சு ஒரு மணிக்கு வந்தா தனியாத்தான் இருக்கேன். வீட்டுல ஆம்பளை இருக்குன்னு தெரியணும்."

"அதான் நான் இருக்கேனே!"

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகாவுக்குப் போய்த் திரும்பியவள் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த பூட்ஸை எடுத்து வாசலில் வைத்தாள். "அண்ணனோட பழைய பூட்ஸ். அவருதான் வரக்கூடாது, மோட்டார் களவு போயிடும். பூட்ஸாவது வரட்டும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஊர் மோசம் என்று சொன்னவனே நான்தானே.

அன்றிலிருந்து அந்த பூட்ஸுக்குத் தனி வாழ்க்கை தொடங்கியது. காலையில் லோகா அதன் அடியில் ஈர மண்ணைப் பூசுவாள், ஆள் இப்போதுதான் வந்தார் என்று தெரிவதற்காக. மத்தியானம் ஒன்றைச் சாய்த்துப் போடுவாள், களைப்பாகக் கழற்றியது தெரிவதற்காக. கொடியில் ஒரு எக்ஸ்எக்ஸ்எல் சட்டை தொங்க ஆரம்பித்தது. அதற்குப் பக்கத்தில் என் சட்டை காயக்கூடாது என்று உத்தரவு.

ஒருநாள் பார்சல் கொண்டுவந்த மலாய்க்காரப் பையன் பூட்ஸைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். லோகா வீட்டுக்குள் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

"என்னங்க, பார்சல்தாங்க வந்திருக்கு! நீங்க எந்திரிக்க வேணாம். நல்லா சாப்பிடுங்க!"

இவ்வளவு மரியாதையான குரலை நான் கல்யாணமான புதிதில் கேட்டது. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் ஆசையோடு எட்டிப் பார்த்தேன்.

"என்னையா லோகா கூப்பிட்ட?"

"உங்கள இல்ல. நீங்க உரிங்க."

அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால் மட்டும் இல்லை. உண்மையாகவே வலித்தது. மச்சானை வாசலோடு நிறுத்தினேன் என்று நினைத்தேன். அவரோ கால்வழியாக உள்ளே வந்து என் வீட்டில் ஆம்பளை ஆகிவிட்டார். முடிவு செய்தேன். பூட்ஸ் போக வேண்டும். பூட்ஸ் போக வேண்டுமானால் லோகாவின் பயம் போக வேண்டும். பயம் போக வேண்டுமானால் ஊரில் குற்றங்கள் குறைய வேண்டும்.

குறைத்தேன். ஒரே வாரத்தில் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுவதும் குற்றங்களைக் குறைத்துக் காட்டினேன். சிவசிதம்பரம் அங்கிளின் கட்சியில் சேர்ந்து இரண்டாவது உறுப்பினர் ஆனேன். அவருடைய பைலைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு சாயங்காலம் அவரையே அழைத்து வந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். லோகா குப்பை போட வந்தாள். அவளைப் பார்த்துக் குமுதவல்லி அக்காவும் வந்தாள்.

"பிள்ளை, பயம் வேறை, கணக்கு வேறை" என்று ஆரம்பித்தார் அங்கிள். "நான் வெட்டி ஒட்டி வைச்சிருக்கிறன், பாரும். போன வருசத்தைவிட எல்லாம் குறைவு. ஆதாரம் இல்லாமல் கதைக்கப்படாது."

"ஆதாரமா? பக்கத்துத் தாமான்ல பாராங்கோட வந்தானே, அது என்னாவாம்?" என்றாள் குமுதவல்லி அக்கா.

"அது ஒண்டு."

"ஒண்ணுன்னா பத்தாதா அங்கிள்? எங்க வீட்டுக்கு வந்தா அந்த ஒண்ணே போதும்லா!"

நான் உதவிக்குப் போனேன். "அக்கா, ஊருன்னா அங்கொண்ணு இங்கொண்ணு நடக்கத்தான் செய்யும். தெமியாங் எவ்ளோ பழைய ஏரியா. அங்க எல்லாரும் நிம்மதியாத்தான் இருக்காங்க. நாமதான் வீணா பீதியக் கெளப்புறோம்."

"தம்பி, போன மாசம் தெனமும் வீடியோ அனுப்புனது நீங்கதானே?"

"அது போன மாசம் அக்கா."

லோகா அங்கிளின் பைலை வாங்கி மரியாதையாகப் புரட்டிப் பார்த்தாள். மூடினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு அங்கிள். இத கேட்டுல மாட்டி வெச்சா திருடன் படிச்சிட்டுத் திரும்பிப் போயிடுவானா?"

அங்கிள் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். லோகா பூட்ஸை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்தாள்.

புள்ளிவிவரம் தோற்ற இடத்தில் மூளைதான் வேலை செய்ய வேண்டும். ஸ்டோரில் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பளிச்சென்று வந்தது. பூட்ஸ் எதற்கு? திருடனைப் பயமுறுத்த. அந்த பூட்ஸையே திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? பூட்ஸைக் கண்டு திருடன் பயப்பட மாட்டான் என்று லோகாவுக்குப் புரிந்துவிடும். பழைய பூட்ஸ்தான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவ்வளவு அழகான திட்டத்தைப் போட்ட மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். ஆறு நாற்பதுக்குக் கிளம்பினேன். லோகா அடுப்படியில் இருந்தாள். குக்கர் விசில் அடிக்கும் நேரம் பார்த்து பூட்ஸைத் தூக்கினேன். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் கனம் இருந்தது. ஒன்று கைநழுவி விழுந்தது. எடுத்தேன். இரண்டையும் என் சின்னக் கப்சாய் மோட்டாரின் கூடையில் திணித்து, மேலே ரெயின்கோட்டைப் போட்டு மூடிக்கொண்டு பறந்தேன்.

திருடுவது சுலபம். திருடியதைப் போடுவதுதான் கஷ்டம் என்பது எங்கள் லோரோங் தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. அங்கே பெரிய குப்பைத்தொட்டி இருக்கிறது. அதற்கு முன்னால் சிவசிதம்பரம் அங்கிள் கையை ஆட்டி ஆட்டிக் காலை உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். "எங்கை தம்பி, வேலைக்கோ?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். கால்வாய்ப் பாலத்தில் நிறுத்தலாம் என்று போனால், போலீஸ் ரோந்துக் கார் நின்றது. இரண்டு பேர் காருக்கு வெளியே நின்று தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைக்குள் கொண்டுபோனால் காவலாளி கூடையைச் சோதிப்பான். பூட்ஸைப் பார்ப்பான், என் காலைப் பார்ப்பான், சிரிப்பான்.

அப்போதுதான் கோயில் மணி கேட்டது. காலைப் பூஜை. வாசலில் முப்பது நாற்பது ஜோடிச் செருப்புகள். ஆண்டவனே வழிகாட்டினான் என்று நினைத்து, செருப்போடு செருப்பாக பூட்ஸை வைத்தேன். வந்ததும் வந்தோம் என்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

எட்டு மணிக்குப் போன் அதிர்ந்தது. குழுவில் லோகா. காலி வாசலின் படம். கீழே ஒரே வரி: "எங்கள் வீட்டில் திருட்டு."

நான் உடனே "அச்சச்சோ" என்று போட்டேன். வேறு என்ன போடுவது? அதற்குப் பின்னால் குமுதவல்லி அக்காவின் குரல் பதிவு வந்தது, மூன்று நிமிடம். அடுத்து முப்பது நாற்பது செய்திகள். ஒன்பது மணிக்குத் திருடன் ஒருவன். பத்து மணிக்கு இருவர். பதினொன்றுக்கு அவர்கள் நால்வர் ஆகிவிட்டார்கள், கையில் பாராங், வெள்ளை நிற வேன். யாரோ என்னுடைய பழைய வீடியோவை எடுத்து, அதே வேன்தான் இது என்று போட்டிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர். சத்தியசீலன் என் ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். லோகா நடுவில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். ஆறு மணி நேரமாக மனப்பாடம் செய்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

"பாத்தியா லோகா? நான் அப்பவே சொன்னேன். பூட்ஸப் பாத்தெல்லாம் எவனும் பயப்பட மாட்டான். இனிமே இந்த வேலையெல்லாம் வேணாம்."

"அய்யோ தம்பி, அதான் பயமே!" என்றாள் குமுதவல்லி அக்கா. "உள்ள இவ்வளவு பெரிய ஆளு இருக்குன்னு தெரிஞ்சும் கை வெச்சிருக்கான்னா, அவன் எப்பேர்ப்பட்டவனா இருக்கணும்!"

நான் இதை யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எல்லாருடைய போனும் ஒன்றாகச் சத்தம் போட்டது. கோயில் குருக்களும் எங்கள் குழுவில் இருக்கிறார். ஒரு படம் அனுப்பியிருந்தார். கோயில் வாசலில் தன்னந்தனியாக ஒரு ஜோடி பூட்ஸ். 'காலைப் பூஜைக்கு வந்த பக்தர் ஒருவர் உள்ளே சென்றவர் இன்னும் வெளியே வரவில்லை. நடை சாத்தி மூன்று மணி நேரம் ஆகிறது. மடப்பள்ளி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தேடிவிட்டோம். உறவினர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்.'

"செவப்புக் கயிறு" என்றாள் லோகா. "நம்ம பூட்ஸ்தான்."

திருடன் ஏன் கோயிலில் கொண்டுபோய் வைத்தான்? ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். லோகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"போட்டுப் பாத்திருக்கான். பத்தல. கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டான்."

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டு நிலைவாசலின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சிவசிதம்பரம் அங்கிள் பைலைத் திறந்தார். எதையோ தேடினார். மூடினார்.

"பன்னிரண்டே பத்தேல்லையெண்டால்..." என்று இழுத்தார். பிறகு சத்தியசீலனிடம் திரும்பினார். "தம்பி, என்ரை வீட்டு யன்னலையும் ஒருக்கா அளந்துவிடும்."

என் கட்சி அந்த நிமிடமே கலைந்தது.

"இனிமே சும்மா இருக்கக்கூடாது" என்று எழுந்தாள் குமுதவல்லி அக்கா. "இப்பவே பாலாய்க்குப் போயி போலீஸ் ரிப்போர்ட் பண்ணணும். பூட்ஸு கெடைச்சிருக்கு. அதுல கைரேகை இருக்கும்லா!"

என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

"நானும் அதத்தான்க்கா நெனைச்சேன்" என்றாள் லோகா. "கைரேகை எடுத்தா ஆளு யாருன்னு கையோட தெரிஞ்சிடும். ஏங்க, இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? பேன் ஓடுதே?"

"இல்ல லோகா, வெயில்ல வந்தேன்ல."

"சரி, நீங்களே சொல்லுங்க. வீட்டு ஆம்பளை நீங்கதானே. ரிப்போர்ட் பண்ணிடலாமா?"

எத்தனை மாதமாக அந்த வார்த்தைக்காக ஏங்கினேன்! அது எனக்கு எப்போது கிடைத்தது பாருங்கள். என் கண்முன்னே எல்லாம் ஓடியது. பாலாய், மை தடவிய என் பத்து விரல்கள், சிரிக்கிற சார்ஜன், குழுவில் என் படம். ஸ்டோரில் இருக்கும் அந்த ஆறு பேர் என்ன நினைப்பார்கள்?

"போலீஸெல்லாம் எதுக்கு லோகா? அவங்களுக்கு ஆயிரம் வேலை. பழைய பூட்ஸுக்குப் போயி..."

"பூட்ஸு பழசுங்க. திருடன் புதுசு. நாளைக்கு மறுபடி வந்தா?" அவள் பெருமூச்சு விட்டாள். "வீட்டுல நெசமாவே ஒரு பெரிய ஆளு இருந்தா ரிப்போர்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அப்பிடி ஒரு ஆளுக்கு நான் எங்க போறது?"

லோகா என் முகத்தையே பார்த்தாள். காத்திருந்தாள். குமுதவல்லி அக்கா கார் சாவியை எடுத்தாள். அந்தச் சாவிச் சத்தத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மச்சானக் கூப்புடலாமே."

"யாரு, எங்க அண்ணனையா? வேணாங்க. அவரு மோட்டாரு களவு போயிடும். நீங்கதானே சொன்னீங்க."

"மோட்டார வீட்டுக்குள்ள வெச்சிக்கலாம் லோகா. ஹால்ல எடம் இருக்கு."

"ஹால்ல உங்க நாற்காலி இருக்கே?"

"நாற்காலி என்னா பெரிய நாற்காலி! எடுத்துடலாம்."

"அண்ணன் ஒத்துக்கணுமேங்க. போன தடவை வந்தப்பவே உங்களுக்குத் தொந்தரவுன்னு வருத்தப்பட்டாரு. நீங்களே கேட்டாத்தான் வருவாரு."

பன்னிரண்டு பேருக்கு முன்னால் போனை ஸ்பீக்கரில் போட்டு மச்சானைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"எதுக்கு மாப்பிள உங்களுக்குச் செரமம்? நான் பகாவுல இருந்தே வந்து போயிக்கிறேன்."

"செரமமா? நீங்க இங்க வந்து இருந்தாத்தான் எங்களுக்கு உசுரே! தயவுசெஞ்சு வந்துடுங்க மச்சான்!"

"எத்தன நாளைக்கு மாப்பிள?"

குமுதவல்லி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

"எத்தன நாளா? நெலமை சரியாகுற வரைக்கும் மச்சான்."

எல்லாரும் கைதட்டினார்கள். மனைவியின் பாதுகாப்புக்காக அண்ணன்காரரைத் தானே அழைத்துக்கொள்கிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்று சத்தியசீலன் என் தோளில் தட்டினார். அடுத்த சங்கக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதாகவும் சொன்னார். சிவசிதம்பரம் அங்கிள் மட்டும், வருகிறவர் தன் வீட்டுப் பக்கத்துச் சுவர் ஓரமாகப் படுத்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டார். லோகா எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள்.

பகாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்று சொன்னேன் அல்லவா? மச்சான் பதினைந்து நிமிடத்தில் வந்து இறங்கினார். மோட்டாருக்குப் பின்னால் இரண்டு பெரிய பைகள், ஒரு தலையணை, காரோகே பெட்டி. "மாப்பிள!" என்று கூவி என்னைத் தூக்கினார். தரைக்கு மேலே ஓரடி உயரத்தில் இருந்தபடியே கேட்டேன்.

"எப்பிடி மச்சான் இவ்வளவு சீக்கிரம்?"

"முக்குக் கடையிலதான் மாப்பிள இருந்தேன். காலையில இருந்து அஞ்சு தே தாரேக் ஆயிருச்சு. தங்கச்சி ஏழு மணிக்கே போன் பண்ணி மூட்ட கட்டிட்டு வரச் சொல்லிருச்சுலா."

அவர் என்னை இறக்கி வைத்துவிட்டுப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. நான் நின்ற இடத்திலேயே நின்று கணக்குப் போட்டேன். குழுவில் அவள் திருட்டு என்று போட்டது எட்டு மணிக்கு. அண்ணனைக் கூப்பிட்டது ஏழு மணிக்கு. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது. அடுப்படிக்குப் போனேன். லோகா பெரிய சட்டியில் நெத்திலி சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். வழக்கமான சட்டி இல்லை, பொங்கலுக்கு எடுக்கிற சட்டி.

"லோகா, உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் திரும்பவில்லை.

"ஒரு பூட்ஸு கீழ விழுந்துச்சே, அப்ப. ஜன்னல்ல நின்னு பாத்தேன். ரெயின்கோட்டையாச்சும் ஒழுங்கா மூடியிருக்கலாம்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அடிப்பாவி! அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

லோகா கரண்டியில் கொஞ்சம் சம்பலை எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க திருப்பி வெச்சிருப்பீங்களே."